முட்டுக்கட்டை போட்டால்தான் தேர் ஓடும்!

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் கொஞ்ச தூரம்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பாராம். வெள்ளைக்காரர் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் தொட்டு இழுப்பது இன்றும் அங்கே மரபு.

கூட்டம் மொத்தமும் தேரின் உச்சியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரே ஒரு நிமிடம் கண்ணைக் கீழே இறக்குங்கள். சக்கரத்தை ஒட்டியே சிலர் ஓடிவருவார்கள். அவர்கள் கையில் ஆப்பு மாதிரி செதுக்கிய கட்டை. முட்டுக்கட்டை! நின்ற தேரைக் கிளப்ப ஊரே சேர்ந்து இழுக்க வேண்டும். ஆனால், ஒருமுறை உருள ஆரம்பித்துவிட்டதோ, அத்தனை பேரும் வடத்தைக் கீழே போட்டாலும் தேர் நிற்காது. வீதி முனை வந்ததும் அந்தக் கட்டை ஆட்கள்தான் ராஜா. சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து, உரசவிட்டு, சட்டென்று உருவி, மறுபடி கொடுத்து... அப்படித்தான் அத்தனை டன் எடையும் திரும்புகிறது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் கலசம் குலுங்கும். கொஞ்சம் குறைந்தால் முனைவீட்டுத் திண்ணை காலி!

நிற்க மாட்டேன் என்கிற எடை ஒன்று. பிடித்துப் பிடித்து விடுகிற உராய்வு ஒன்று. உங்கள் காருக்குள்ளும் இதே இரண்டு பேர் அக்கம்பக்கமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். எடைக்குப் பெயர் ஃப்ளைவீல். உராய்வுக்குப் பெயர் க்ளட்ச்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? வேகமான கார் வைத்திருக்கும் இளைஞர்கள் இந்தப் பக்கம் பெருகிவிட்டார்கள். (புதுச்சேரி நம்பர் பிளேட் போட்ட எல்லா சொகுசு காரும் புதுச்சேரியில் ஓடுவதாக நினைத்துவிடாதீர்கள். வரி குறைவு என்பதற்காக இங்கே பதிவு செய்துவிட்டு கேரளாவிலேயே ஓட்டிய சில சினிமா நட்சத்திரங்கள் 2017-ல் போலீஸ் வழக்கு வரை போனது தனிக்கதை.) வேகக் கார்க்காரருக்கு ஒருநாள் க்ளட்ச் தேயும். மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். ''பழைய மாதிரியே போட்டுடலாமா? இல்ல, ரேஸ் ஐட்டம் போடலாமா தம்பி? ஃப்ளைவீலையும் லேத்துல குடுத்து ரெண்டு கிலோ இறக்கிட்டா வண்டி பறக்கும்!''

பறக்குமா? அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பழைய காலத்துக்குப் போய்வர வேண்டும்.

ஃப்ளைவீலின் கொள்ளுப்பாட்டியைப் பார்க்க வில்லியனூரை விட்டு எங்கும் போக வேண்டாம். சுடுமண் சிற்பங்களுக்காகப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது. பழைய முறையில் வேலை செய்த குயவர், கனமான சக்கரத்தைக் கோலால் நாலு சுழற்று சுழற்றுவார். பிறகு கோலை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கையாலும் மண்ணை வனைவார். சக்கரத்தைத் தொடுவதே இல்லை. அது பாட்டுக்குச் சுற்றும். அவருடைய கைச்சக்தியை சக்கரம் சேமித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. சக்கரம் லேசாக இருந்தால்? சுற்றுவது சுலபம். ஆனால், விரல் மண்ணில் பட்டதும் தள்ளாடி நின்றுவிடும். பானை கோணிப்போகும்.

1780-களில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தைச் சுழல வைத்தபோது, அச்சில் மாட்டியது இதே குயவர் தத்துவத்தைத்தான். அதற்கடுத்து வந்த பெட்ரோல் எஞ்சினுக்கோ, சக்கரம் இல்லையென்றால் உயிரே இல்லை. ஜெர்மனியின் நிகோலஸ் ஓட்டோ 1876-ல் செய்துகாட்டிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வினோதமான சோம்பேறி. நாலு ஸ்ட்ரோக்கில் ஒன்றில் மட்டும்தான் வேலை செய்யும். மிச்சம் மூன்றிலும் காற்றை இழுப்பது, அமுக்குவது, புகையைத் துப்புவது என்று செலவுதான்! அந்த மூன்று ஸ்ட்ரோக்கையும் தாண்டித் தள்ளிக்கொண்டு போவது யார்? ஃப்ளைவீல்தான். 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில், பின்னால் ஒரு பெரிய சக்கரம் படுத்த வாக்கில் இருக்கும். அதைக் கையால் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்புவார்கள். அச்சு அசலாகக் குயவர் வேலை.

சரி, எஞ்சின் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நிற்கிற வண்டியோடு அதை எப்படி இணைப்பது? சட்டென்று இணைத்தால் எஞ்சின் அணைந்துவிடும், அல்லது ஏதாவது உடையும். பென்ஸ் தோல் பெல்ட்டை ஒரு கப்பியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திச் சமாளித்தார். ஊர் மாவு மில்லில் பெல்ட்டைத் தள்ளிப் போடுவார்களே, அந்த உத்தி.

இங்கே ஒரு பெண்மணியைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களோடு வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். சுமார் 106 கிலோமீட்டர். இறக்கத்தில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. அம்மணி அசரவில்லை. வழியில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியைப் பிடித்து, பிரேக் கட்டைமேல் தோலை அடித்துத் தரச் சொன்னார். உலகின் முதல் பிரேக் லைனிங் என்று அதைச் சொல்வார்கள்.

அந்தத் தோல்தான் அடுத்த பல வருடங்களுக்கு க்ளட்ச்சையும் ஆண்டது. ஃப்ளைவீலின் உட்புறத்தைக் கூம்பாகக் குடைந்து, தோல் போர்த்திய இன்னொரு கூம்பை அதற்குள் அழுத்துவார்கள். கூம்பு க்ளட்ச். தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடித்து, வண்டியில் இருப்பவர் பின்னால் போய் விழுவார். அதற்காக எண்ணெய் தடவினால் வழுக்கும். வழுக்கினால் டிரைவர் டப்பாவிலிருந்து களிமண் பொடியை எடுத்துத் தூவுவார். நம்பினால் நம்புங்கள், அன்றைய டிரைவர்களுக்கு இது தினப்படி வேலை!

பிடி அதிகமானால் மென்மை போகும். மென்மை கூடினால் பிடி போகும். நூறு வருடமாக இந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. வேண்டுமானால் இன்றைக்கு உங்கள் மெக்கானிக் காட்டும் இரண்டு க்ளட்ச் பெட்டிகளையும் உற்றுப் பாருங்கள்.

பிரான்ஸில் எமில் லெவஸார் எஞ்சினை முன்னால் வைத்து, அதன் பின்னே க்ளட்ச், கியர்பாக்ஸ், கடைசியில் பின்சக்கரங்கள் என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தார். அடுத்துவந்த தலைமுறைகளின் பெரும்பாலான கார்களுக்கு அதுவே ஜாதகம். 1895-ல் பாரிஸிலிருந்து போர்தோவுக்குப் போய்த் திரும்பும் போட்டி. 1,178 கிலோமீட்டர். மனிதர் கிட்டத்தட்ட தூங்காமல் 48 மணி 48 நிமிடத்தில் முதலாவதாக வந்து சேர்ந்தார். (முதல் பரிசு கிடைக்கவில்லை. அது நாலு பேர் உட்காரும் வண்டிக்குத்தானாம். இவருடையது இரண்டு சீட்!) அதே காலத்தில் பிரெஞ்சுப் புதுச்சேரியில் துரைமார்கள் எதில் போனார்கள் தெரியுமா? 'பூஸ் பூஸ்' வண்டியில். துரை உள்ளே உட்கார்ந்து திசையை மட்டும் திருப்புவார். பின்னாலிருந்து நம் ஆட்கள் தள்ளுவார்கள். க்ளட்ச் தேவையில்லை. தள்ளுகிறவர்களின் உள்ளங்கைதான் க்ளட்ச், அவர்களின் மூச்சுதான் ஃப்ளைவீல்.

தோலுக்கு மாற்று இங்கிலாந்தில் கிடைத்தது. ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸைச் செருகி ஓட்டுவதைப் பார்த்தார் என்பார்கள். 1897-ல் அவர் ஆரம்பித்த தொழில்தான் பின்னாளில் 'ஃபெரோடோ' என்ற பெயரில் உலகம் சுற்றியது. பெயரைப் பாருங்கள்... ஃப்ரூட் என்ற தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்து, கூடவே மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். பிரான்ஸில் அந்தச் சரக்கை விற்க 1923-ல் தொடங்கிய கம்பெனி, பிறகு தானே க்ளட்ச் செய்ய ஆரம்பித்து, 1980-ல் 'வேலியோ' என்று பெயரை மாற்றிக்கொண்டது. இன்றைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் க்ளட்ச் செட் கேட்டால் எடுத்து வைக்கிற நாலைந்து பெட்டிகளில் அதுவும் ஒன்று.

ஆனால், இந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. சூடு தாங்குவதற்காக லைனிங்கில் சேர்த்தது ஆஸ்பெஸ்டாஸ். தேய்ந்து பறக்கும் தூசு நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வருடங்கள் கழித்துப் புற்றுநோயாகக் கணக்குக் கேட்கும் சங்கதி. ஐரோப்பா அதைத் தடை செய்ய 2005 ஆனது. உங்கள் மெக்கானிக் பழைய வண்டியின் க்ளட்ச்சைப் பிரித்து, காற்றுக்குழாயால் 'புஸ்' என்று ஊதினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ரேஸைவிட இது முக்கியம். இன்றைய லைனிங்குகள் வேறு இழைகளால் ஆனவை. புதுச்சேரியின் கிராமப் பகுதியிலேயே ரானே குழுமத்தின் பிரேக் லைனிங் ஆலை ஒன்று உண்டு.

இப்போது மெக்கானிக்கின் கேள்விக்கு வருவோம்.

நீங்கள் 2004-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டர்போ எஞ்சின், 150 குதிரைசக்தி. இந்தியத் தெருவில் அன்றைக்கு அது பெரிய விஷயம். எஞ்சின் முறுக்கு விசை சுமார் 210 நியூட்டன் மீட்டர். எஞ்சின் கம்ப்யூட்டரில் கைவைத்து, உதாரணத்துக்கு 300 ஆக்கிவிட்டீர்கள். பழைய க்ளட்ச் தாங்குமா?

ஒரு க்ளட்ச் எவ்வளவு தாங்கும் என்பது நாலு விஷயங்களின் பெருக்கல். எத்தனை முகம் உரசுகிறது, எவ்வளவு சொரசொரப்பு, எவ்வளவு அழுத்தம், மையத்திலிருந்து எவ்வளவு தூரம். ஒரு பிளேட்டுக்கு இரண்டு முகம். உராய்வு 0.3. பிரஷர் பிளேட்டின் அழுத்தம் 5,000 நியூட்டன், அதாவது ஐந்து நெல் மூட்டை மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி. உரசும் இடம் மையத்திலிருந்து சராசரியாக 9.5 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 285. கம்பெனி கொடுத்த 210-க்கு இது தாராளம். நீங்கள் ஏற்றிய 300-க்குப் பற்றாது. டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமும், முள் ஏறும், வண்டி மட்டும் அதே வேகத்தில் போகும். கூடவே ஒரு கருகல் வாசனை.

ஆக, நாலில் ஒன்றைக் கூட்ட வேண்டும். தூரத்தைக் கூட்ட இடமில்லை. கியர்பாக்ஸ் மூடி எடுத்த எடுப்பில் தடுத்துவிடும். அழுத்தத்தைக் கூட்டலாம். வில்லியனூர் கடைத்தெரு நெரிசலில் பத்து முறை மிதித்தால் உங்கள் இடது முழங்கால் சொல்லும், எவ்வளவு கூட்டினீர்கள் என்று. தவிர, நீங்கள் மிதிக்கிற ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டைத் தள்ளுகிறது. அதன் வாஷர் தேய்ந்தால் செலவு க்ளட்ச்சோடு முடியாது. சொரசொரப்பைக் கூட்டலாம். உலோகத்தூளை அழுத்திச் சுட்ட 'பட்டன்' க்ளட்ச் அதற்குத்தான். பிடித்தால் உடும்பு! ஆனால், பாதி பிடிப்பது என்பது அதற்குத் தெரியாது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டி முயல் மாதிரி குதிக்கும். ஃப்ளைவீலின் முகத்தையும் அது சுரண்டித் தின்றுவிடும். கடைசி வழி, பிளேட்டை இரண்டாக்குவது. அருமையான தீர்வு. விலையைக் கேட்டுவிட்டு வீட்டில் சொல்ல முடியாது.

1924-ல் புகாட்டி தன் புகழ்பெற்ற 'டைப் 35' ரேஸ் காரில் இந்தக் கடைசி வழியைத்தான் எடுத்தார். பல பிளேட்டுகள், அவை எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த குளியலில் உரசின. 2003-ல் வந்த போர்ஷே கரேரா ஜி.டி. காரின் பீங்கான் க்ளட்ச்சுக்கு விட்டம் வெறும் 169 மில்லிமீட்டர். நம் வீட்டுக் காபி டபரா செட்டின் சாஸர் சைஸ்! 612 குதிரைசக்தியை அது தாங்கும். ஆனால், சாதாரணமாக ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துக் கிளப்பினால் நடுரோட்டில் அணைந்துபோகும் என்று அதற்குப் பெயர் கெட்டுப்போனது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் க்ளட்ச்சை மட்டும் மெதுவாக விட வேண்டுமாம். கோடிகளைக் கொட்டி வாங்கியவர், டிரைவிங் ஸ்கூல் முதல் நாள் பையனாகிவிட்டார்.

அடுத்து, ஃப்ளைவீல். 'ரெண்டு கிலோ இறக்கிடலாம்' என்றாரே... ரெண்டு என்ன, மூன்றே இறக்குவோம்! 8 கிலோ சக்கரத்தை 5 கிலோ ஆக்குகிறோம். ஆரம் 14 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், முதல் கியரில் அது வண்டியிலிருந்து சுமார் 64 கிலோ ஆசாமி ஒருவரை இறக்கிவிட்டதற்குச் சமம். பேஷ்! ஐந்தாவது கியரில்? 3 கிலோ காய்கறிப் பை ஒன்றை இறக்கிய மாதிரி. அவ்வளவேதான். கியர் விகிதத்தின் வர்க்கத்தோடு பலன் ஏறி இறங்குவதால் வருகிற வித்தியாசம் இது. எந்நேரமும் கீழ் கியர்களில் ஏறி இறங்கும் ரேஸ் மைதானத்தில் லேசான ஃப்ளைவீல் தங்கம். கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம் தாண்டி டாப் கியரில் போகிறவருக்கு, காய்கறிப் பை.

சென்னைப் பக்கம் சோழவரத்தில், உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில், 1950-களிலிருந்து கார் ரேஸ் நடந்தது. ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும் ஓடிய காலம். வெளிநாட்டு சாமான் கிடைக்காத நாட்டில் வேகம் வேண்டுமென்றால் லேத் பட்டறைதான் கதி. கோவை கரிவரதன் 1988-ல் மாருதி 800-ன் 796 சி.சி. எஞ்சினைத் தூக்கிப் பின்னால் வைத்து 'ஃபார்முலா மாருதி' என்று ரேஸ் காரே செய்துவிட்டார். அவர் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அந்தத் தலைமுறையின் கைவேலைக்குத் தலைவணங்குவோம். அதற்காக, உங்கள் வண்டியின் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலைப் பட்டறையில் கொடுத்துக் குடையாதீர்கள். வார்ப்பிரும்புக்கு அமுக்கினால் தாங்கத் தெரியும், இழுத்தால் தாங்கத் தெரியாது. சுழலும் சக்கரம் தன்னைத்தானே வெளியே இழுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. 7,000 சுற்றில் அது சிதறினால் துண்டுகள் எங்கே போகும்? நேராக உங்கள் பாதத்துக்குத்தான்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 1970 மார்ச் 8, அமெரிக்காவின் லாங் பீச். டிராக் ரேஸில் ஜாம்பவான் டான் கார்லிட்ஸ். பச்சை விளக்கு எரிந்த கணத்தில், அவர் காலடியில் இருந்த கியர் அமைப்பு வெடித்தது. கார் இரண்டாகப் பிளந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதியைப் பறிகொடுத்தார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் மனிதர் யோசித்தது ஒன்றைத்தான்: இந்தச் சுழலும் சாமான்களெல்லாம் ஏன் என் காலுக்கு நடுவில் இருக்க வேண்டும்? எஞ்சினைப் பின்னால் வைத்து அவர் கட்டிய கார் 1971-ல் ஜெயித்தது. கொஞ்ச வருடங்களில் முன் எஞ்சின் டிராக் கார்கள் அந்த முதல்தரப் போட்டியிலிருந்தே காணாமல் போயின. லேசான ஃப்ளைவீல் வேண்டுமென்றால், இரும்பை அடித்து உருவாக்கியது, அல்லது அலுமினியத்தில் எஃகு முகம் பதித்தது, எஸ்.எஃப்.ஐ. சான்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு கண்ணிவெடி பாக்கி இருக்கிறது. பல டர்போ, டீசல் கார்களில் இருப்பது ஒற்றைச் சக்கரம் இல்லை. இரண்டு தட்டு, நடுவில் ஸ்பிரிங். 'டூயல் மாஸ்' என்பார்கள். 1985-ல் ஜெர்மனியின் லுக் கம்பெனி பயணிகள் காருக்குக் கொண்டுவந்தது. எஞ்சினின் உதறலைக் கியர்பாக்ஸுக்குப் போகவிடாமல் நடுவிலேயே விழுங்கிவிடும். தேய்ந்தால் மாற்றும் விலை மயக்கம் தரும். உடனே 'கெட்டி ஃப்ளைவீல் போட்டால் பாதி விலை' என்பார்கள். போடலாம். ஆனால், டூயல் மாஸுடன் வரும் க்ளட்ச் பிளேட்டில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது. அதே பிளேட்டைக் கெட்டிச் சக்கரத்தோடு சேர்த்தால் உதறல் முழுவதும் கியர்பாக்ஸின் பற்களில் இறங்கும். நின்ற இடத்தில் வண்டி, தகர டப்பாவில் கோலிக்குண்டு குலுக்கின மாதிரி பேசும். கெட்டிச் சக்கரம் என்றால் ஸ்பிரிங் வைத்த பிளேட், இரண்டும் ஒரே செட்டாக.

என் தனிப்பட்ட அபிப்பிராயம்? பாகூர் ஏரிக்கரைச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர், பக்கத்தில் ஆட்டுமந்தை, அரை கிலோமீட்டருக்கு ஒரு வேகத்தடை. இந்தச் சாலையில் ஓடும் 300 நியூட்டன் மீட்டர் காருக்கு, அழுத்தம் கால்வாசி மட்டும் கூடிய பிரஷர் பிளேட், சாதாரண இழை லைனிங், கம்பெனி எடையிலேயே ஃப்ளைவீல். 285 என்பது 356 ஆகிவிடும், போதும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலேயே குடியிருப்பவர் என்றால் மட்டும் லேசான சக்கரத்தைப் பற்றி யோசியுங்கள்.

கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். அதை மிச்சம் பிடித்தவர்கள், மறுபடி முழுக் கூலி கொடுத்திருக்கிறார்கள். ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்து, முடிக்கோடு மாதிரி வெடிப்பு தெரிந்தால் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம், புதுசு போடுங்கள். போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கத்தான் என்று கம்பெனி சொன்னால், பழசை மாட்ட விடாதீர்கள். கடைசியாக, புது க்ளட்ச் போட்ட அன்றே நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஈ.சி.ஆருக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதல் ஐந்நூறு, எண்ணூறு கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே நிதானமாக ஓட்ட வேண்டும். இரண்டு முகமும் ஒன்றோடொன்று பழகுவதற்கு அவ்வளவு ஆகும்.